ஹென்ட்ரிக்ஸ் ஒருவர் மட்டும்தானா?

கேள்வி இது: "சைக்கடெலிக் ராக் என்று தேடினால் பீட்டில்ஸ், டோர்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் என்று வெள்ளைக்காரர்களின் குழுக்களே வருகின்றன. கறுப்பினத்தவரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஒருவர்தான் விதிவிலக்கா? வேறு குழுக்கள் இருந்திருந்தால் அவற்றின் தாக்கம் இன்று எங்கே இருக்கிறது?"

ஒருவர் மட்டும் இல்லை. 1966 முதல் 1971 வரையிலான ஐந்தாறு வருடங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ, டெட்ராய்ட் என்று ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட குழுக்கள் இருந்தன. அவர்கள் வாசித்தது அசல் சைக்கடெலிக் ராக்தான். ஆனால் கடைக்காரர் அந்த இசைத்தட்டுகளை அடுக்கிய அலமாரி வேறு. இன்றைக்கு நீங்கள் தேடும்போது கிடைக்காததற்கும் அந்த அலமாரிதான் காரணம் என்பது என் கட்சி. அதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் குழுக்களுக்கு வருகிறேன்.

சைக்கடெலிக் ராக் என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். எல்.எஸ்.டி. போன்ற போதையில் புலன்கள் தடம் மாறுமே, அந்த அனுபவத்தை ஒலியில் பிடிக்கப் பார்த்த இசை. எதிரொலி, டேப்பைத் திருப்பி ஓட்டுவது, கிடாரின் குரலைக் கரகரப்பாக்கும் ஃபஸ், வாயைத் திறந்து மூடுவதுபோல ஒலிக்கும் வா-வா பெடல், மூன்று நிமிடத்துக்குள் அடங்காத நீளம் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இதில் எதற்கும் தோல் நிறம் கிடையாது.

ஆனால் அமெரிக்க இசை வியாபாரத்துக்கு நிறம் உண்டு. பில்போர்டு பத்திரிகை 1940களில் கறுப்பினத்தவர் வாங்கும் இசைத்தட்டுகளின் பட்டியலுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே பெயர் வைத்திருந்தது. 1949இல் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' (சுருக்கமாக ஆர் அண்ட் பி) ஆனது, 1969இல் 'சோல்' ஆனது. சோல் என்றால் சர்ச் பாட்டின் உருக்கத்தோடு பாடும் கறுப்பின இசை. பெயர்ப்பலகை மாறியதே தவிர கடை மாறவில்லை. வானொலியும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. கறுப்பினத்தவர் நிலையங்கள் ஃபஸ் கிடாரைக் கேட்டால் "இது வெள்ளைக்காரப் பையன்கள் சமாச்சாரம்" என்று ஒதுக்கும். ராக் நிலையங்கள் அட்டையில் உள்ள முகத்தைப் பார்த்து "இது சோல்" என்று ஒதுக்கும். இரண்டு பேருமே ஒதுக்கினால் குழு எங்கே போகும்?

சரி, முதலில் சேம்பர்ஸ் பிரதர்ஸ்.

மிசிசிப்பி மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற ஊர்ப் பக்கம், குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த குடும்பம். ஜார்ஜ், வில்லி, லெஸ்டர், ஜோ என்று நான்கு சகோதரர்கள். பாடக் கற்றது சர்ச்சில். மூத்தவர் ஜார்ஜ் ராணுவத்திலிருந்து 1952இல் விடுபட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேற, தம்பிகள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். ஜார்ஜ் முதலில் வாசித்த பாஸ், கவிழ்த்த சலவைத் தொட்டியில் ஒரு கம்பும் கயிறும் கட்டிய வாத்தியம். காபிக் கடைகளில் காஸ்பல் என்ற சர்ச் பாட்டும் நாட்டுப்புறப் பாடலுமாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள், 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் கவனம் பெற்றார்கள். பாப் டிலன் எலக்ட்ரிக் கிடாரோடு மேடையேறிச் சலசலப்பு உண்டாக்கினாரே, அதே வருடம். அப்புறம் பிரையன் கீனன் என்ற வெள்ளைக்கார டிரம்மர் சேர்ந்தார். ஆக ஐந்து பேர்.

இவர்களின் 'டைம் ஹேஸ் கம் டுடே' 1966இல் ஒரு தடவை பதிவானது. இரண்டரை நிமிடச் சாதாரணப் பாட்டு, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1967இல் தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சனோடு மறுபடி பதிவு செய்தார்கள். இந்தத் தடவை பதினொரு நிமிடம். இந்தப் பதிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நான் சொல்லவரும் எல்லாமே இதற்குள் இருக்கிறது.

ஆரம்பத்தில் கௌபெல் என்ற மாட்டுமணி வாத்தியம் டிக் டாக் என்று கடிகாரம்போலத் தட்டும். கிடார் முரட்டுத்தனமாக நுழையும். முதல் சில நிமிடங்கள் நேரான ராக் பாட்டு, கும்பலாகச் சேர்ந்து பதில் குரல் கொடுப்பது சர்ச் பாணி. பிறகு அந்தக் கடிகாரம் மெதுவாகத் தளரும். டிக்... டாக்... என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். குரல்கள் எதிரொலிக்குள் விழும். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ அலறுகிறார்கள். கிடார் நடுவில் கிறிஸ்துமஸ் பாட்டான 'லிட்டில் டிரம்மர் பாய்' மெட்டைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போகும். எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் நேரத்தில் கடிகாரம் மறுபடி வேகம் பிடிக்கும், முதலில் கேட்ட பாட்டு முழு பலத்தோடு திரும்பி வரும்.

இதைப் போதைக் காலத்து விளையாட்டு என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மிசிசிப்பி சர்ச்சுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படி நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு முடியவேண்டிய இடத்தில் முடியாது. ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள், தாளத்தைத் தளர்த்தி இறுக்குவார்கள், யாருக்காவது ஆவேசம் வரும், அவர் அடங்கும்வரை பாட்டு காத்திருக்கும். நம் ஊர்க் கோயில் கொடையில் உடுக்கைச் சத்தத்துக்குச் சாமி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தச் சகோதரர்களுக்குப் பதினொரு நிமிடம் என்பது புதுமையே இல்லை. மூன்று நிமிடப் பாட்டுதான் அவர்களுக்கு அந்நியம். அதனால்தான் சைக்கடெலிக் ராக்கைக் கறுப்பின இசைஞர்கள் வெள்ளையரிடமிருந்து 'கடன் வாங்கினார்கள்' என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீளமும் ஆவேசமும் அவர்கள் வீட்டுச் சொத்து. புதிதாக வந்தது எதிரொலிப் பெட்டி மட்டும்தான்.

வானொலிக்காக வெட்டிச் சுருக்கிய பதிப்பு 1968இல் பில்போர்டு பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. வியட்நாம் போரைப் பற்றிய 'கமிங் ஹோம்' படத்தில் இந்தப் பாட்டு வருகிறது. அதன்பிறகு, 1960களைக் காட்டவேண்டும் என்றாலே இயக்குநர்கள் இதை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பணம் எங்கே போனது? 2012இல் லெஸ்டர் சேம்பர்ஸ் தங்க இசைத்தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு படம் வெளியிட்டார். 1967 முதல் 1994 வரை ராயல்டி கணக்கு என்று ஒன்றையே தான் பார்த்ததில்லை என்று அதோடு எழுதியிருந்தார். இணையத்தில் அது காட்டுத்தீபோலப் பரவியது. தாக்கம் என்று நீங்கள் கேட்டதில் இந்தப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு குழு, பெயர் 'லவ்'. தலைவர் ஆர்தர் லீ, முன்னணி கிடார் ஜானி எக்கோல்ஸ். இரண்டு பேரும் மெம்ஃபிஸில் பிறந்த கறுப்பினத்தவர். மற்றவர்கள் வெள்ளையர். 1966இல் இப்படிக் கலந்த ஒரு ராக் குழுவுக்குக் கறுப்பர் தலைமை என்பதே அபூர்வம். நாட்டுப்புற இசைக்குப் பேர்போன எலெக்ட்ரா நிறுவனம் முதன்முதலில் ஒப்பந்தம் செய்த ராக் குழு இதுதான். அந்த வருடக் கடைசியில் வந்த 'டா காப்போ' ஆல்பத்தில் ஒரே பாட்டுக்கு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், கிட்டத்தட்ட 19 நிமிடம், கொடுத்திருந்தார்கள். அந்தப் பாட்டு அவ்வளவு ஒன்றும் பிரமாதம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணிச்சல் துணிச்சல்தான்.

அடுத்து 1967 நவம்பரில் 'ஃபாரெவர் சேஞ்சஸ்'. ஃபஸ் கிடாரை எதிர்பார்த்துப் போட்டால் ஏமாறுவீர்கள். ஸ்பானிய வாசனையோடு அக்கூஸ்டிக் கிடார், டிரம்பெட், வயலின்கள். வெளியே மொத்த ஊரும் பூ வைத்துக்கொண்டு அன்பு அன்பு என்று ஆடிக்கொண்டிருந்த கோடையில், ஆர்தர் லீ தான் சீக்கிரம் செத்துப்போவோம் என்று நம்பிக்கொண்டு வரிகளை எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 22 வயது. மேலே பட்டு, உள்ளே முள். பதிவு தொடங்கியபோது குழு இருந்த லட்சணத்தில் முதல் இரண்டு பாட்டுகளுக்கு வெளியிலிருந்து ஸ்டுடியோ இசைஞர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்தில் சுதாரித்துக்கொண்டு மீதியைத் தாங்களே வாசித்து முடித்தார்கள்.

அமெரிக்காவில் அந்த ஆல்பம் எட்டிய உச்சம் 154ஆம் இடம். பிரிட்டனில் 24. இன்னொரு விஷயம்: டோர்ஸ் குழுவைப் போய்ப் பாருங்கள் என்று எலெக்ட்ராவின் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மனிடம் வற்புறுத்தியவரே ஆர்தர் லீதான். டோர்ஸ் சில மாதங்களில் நாடு முழுக்கப் பிரபலமானது, லவ் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தங்கிவிட்டது. லீக்கு ஊர் ஊராகச் சுற்றுவது பிடிக்காது, அதனால் பழி முழுவதையும் அலமாரியின் மேல் போட மாட்டேன்.

1990களில், திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவருக்குத் தண்டனையை நீட்டும் கலிஃபோர்னியாவின் கடுமையான 'மூன்று குற்ற'ச் சட்டத்தில் லீ சிக்கி, துப்பாக்கி வழக்கில் பல வருடச் சிறை. 2001 டிசம்பரில் வெளியே வந்தார். வந்தவர் ஒரு இளைய குழுவைச் சேர்த்துக்கொண்டு, வயலின், டிரம்பெட் சகிதம் அந்த 1967 ஆல்பத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை மேடையில் வாசித்தார். லண்டனில் அரங்கம் எழுந்து நின்றது. 2006இல் மெம்ஃபிஸில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். 154ஆம் இடத்தில் நின்றுபோன அந்த ஆல்பத்தை 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஹென்ட்ரிக்ஸைப் பற்றி உங்களுக்கே தெரியும் என்பதால் தெரியாத பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சியாட்டிலில் பிறந்து, பாராசூட் படையில் இருந்து, அதன்பின் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னணியில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1965இல் ஒரு நியூயார்க் தயாரிப்பாளரிடம் ஒரு டாலர் முன்பணம், ஒரு சதவீத ராயல்டி என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் பின்னாளில் அவரை விடவே இல்லை. அமெரிக்காவில் எடுபடாமல் 1966 செப்டம்பரில் லண்டன் போய், வெள்ளையர் இருவரைச் சேர்த்துக் குழு அமைத்து, அங்கே பெயர் வாங்கிய பிறகுதான் சொந்த நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

வுட்ஸ்டாக் இசை விழாவில் 1969 ஆகஸ்டு 18 காலை அவர் தேசிய கீதத்தை வாசித்தது எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தெருமுனை நிகழ்ச்சியில் இலவசமாக வாசித்தார் என்பது பலருக்குத் தெரியாது. கறுப்பின மக்கள் வாழும் பகுதி, அவர்களுக்காகவே வாசிக்க வேண்டும் என்று வந்தார். கூட்டம் சில நூறு பேர்தான். முட்டை எறிந்தவர்களும் உண்டு. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய ராக் கலைஞர்களில் ஒருவர், தன் ஜனங்கள் நடுவில் யாரோ ஒருவர்போல நின்றார். அந்த மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கேட்ட வானொலியில் அவர் பாட்டு அனேகமாக வந்ததே இல்லை.

அந்த வருடக் கடைசியில், ராணுவத்தில் உடனிருந்த பில்லி காக்ஸ், டிரம்மர் பட்டி மைல்ஸ் இருவரோடு முழுக்கக் கறுப்பினத்தவர் கொண்ட மூவர் குழுவை அமைத்தார். பெயர் 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்'. 1970 புத்தாண்டு நாளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான ஆல்பம், அந்த ஒரு டாலர் ஒப்பந்த வழக்கைத் தீர்ப்பதற்காகக் கொடுத்த ஆல்பம். அதில் 'மெஷின் கன்' பாட்டு பன்னிரண்டு நிமிடம். துப்பாக்கிச் சத்தத்தை டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து தட்டும், நடுவில் ஒரே ஒரு சுரத்தை அவர் இழுத்து நிறுத்துவார், அது அலறலா அழுகையா என்று சொல்ல முடியாது. எட்டே மாதத்தில் ஆள் போய்விட்டார். வயது 27.

ஐஸ்லி பிரதர்ஸ் என்று சொன்னேனே, அங்கே ஒரு கிளைக்கதை. 1964இல் அவர்களோடு வாசித்தபோது ஹென்ட்ரிக்ஸ் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அந்த வீட்டுக் கடைக்குட்டிப் பையன்களில் ஒருவன் எர்னி, பன்னிரண்டு வயது. மூலையில் உட்கார்ந்து கிடார் பழகும் அந்த அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். 1973இல் ஐஸ்லி பிரதர்ஸ் வெளியிட்ட 'தட் லேடி' பாட்டில் நீண்டு நெளிகிற ஃபஸ் கிடார் அந்த எர்னியுடையது. இதை யாரும் சைக்கடெலிக் ராக் அலமாரியில் வைக்கவில்லை. சோல் பகுதியில் கிடைக்கும்.

மற்றவர்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்: கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லாரும் கலந்த குழு, வுட்ஸ்டாக்கில் நடுராத்திரியில் கூட்டத்தை எழுப்பி ஆடவைத்தவர்கள். ஸ்லை ஸ்டோன் 2025 ஜூனில் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர் பாட்டைக் கேட்டு டெட்ராய்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் டெம்ப்டேஷன்ஸ் குழுவை 1968இல் 'கிளவுட் நைன்' பாடவைத்தார். கோட்டு சூட்டில் காதல் பாடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வா-வா கிடாருக்கு நடுவே நின்றார்கள். மோட்டவுனுக்கு முதல் கிராமி விருது அந்தப் பாட்டில்தான் வந்தது. சிகாகோவில் ரோட்டரி கனெக்‌ஷன், அதில் பாடியவர் மின்னி ரிப்பர்டன், வாத்திய அமைப்பு சார்லஸ் ஸ்டெப்னி. டெட்ராய்டில் பிளாக் மெர்டா. முழுக்கக் கறுப்பினத்தவர் கொண்ட முதல் ராக் குழு என்று பலர் இவர்களைத்தான் சொல்வார்கள். 1970இல் ஒன்று, 1972இல் ஒன்று என்று இரண்டே ஆல்பம், அதோடு கலைந்துபோனார்கள். முப்பது வருடம் கழித்துப் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் தோண்டி எடுத்தார்கள்.

இப்போது ஃபங்கடெலிக். இவர்களை அவசரமாகக் கடந்து போக முடியாது.

ஜார்ஜ் கிளின்டன் நியூ ஜெர்சி மாநிலம் பிளெயின்ஃபீல்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கம் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடிப் பழகிய குழு 'தி பார்லியமென்ட்ஸ்'. சீருடை, சீரான நடன அசைவு, காதல் பாட்டு. 1967இல் ஒரு பாட்டு நன்றாக ஓடியது. அதே சமயம் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம் நொடித்துப்போக, குழுவின் பெயரையே பயன்படுத்த முடியாதபடி சட்டச் சிக்கல். கிளின்டன் என்ன செய்தார்? பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த பையன்களை முன்னால் தள்ளி, அவர்கள் பெயரில் புதுக் குழு ஆரம்பித்தார். அந்தப் பையன்களில் ஒருவரான பில்லி நெல்சன் வைத்த பெயர்தான் ஃபங்கடெலிக். ஆடவைக்கும் தாளத்தை முன்னிறுத்தும் கறுப்பின இசையான ஃபங்க், சைக்கடெலிக் இரண்டையும் ஒட்டிய சொல்.

ஒலி மாறிய கதை இன்னும் வேடிக்கை. ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் இவர்களுடைய கருவிகள் வந்து சேரவில்லை. அன்று அதே மேடையில் வாசித்த வெனில்லா ஃபட்ஜ் என்ற வெள்ளை ராக் குழுவின் ஆம்ப்ளிஃபயர்களைக் கடன் வாங்கி வாசித்தார்கள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள், அதுவரை கேட்டிராத சத்தம். அவ்வளவுதான், அதே மாதிரி வாங்கிக்கொண்டார்கள். சீருடை போனது, கிளின்டன் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு மேடையேற ஆரம்பித்தார்.

1971இல் வந்த மூன்றாவது ஆல்பம் 'மேகட் பிரெயின்'. முதல் பாட்டும் அதே பெயர், பத்து நிமிடம், கிட்டத்தட்ட முழுவதும் ஒற்றைக் கிடார். வாசித்தவர் எடி ஹேசல், அப்போது இருபது வயது. "உன் அம்மா இறந்துவிட்டாள் என்று செய்தி வந்ததாக நினைத்து வாசி" என்று கிளின்டன் சொன்னாராம். கிளின்டனே பல தடவை சொன்ன கதை. டெட்ராய்டின் யுனைடெட் சவுண்ட் ஸ்டுடியோவில் மொத்தக் குழுவும் சேர்ந்துதான் வாசித்தார்கள். ஆனால் பிற்பாடு கலவை செய்யும்போது கிளின்டன் மற்றவர்களின் ஒலியை அனேகமாக முழுவதும் இறக்கிவிட்டார். தூரத்தில் ஒரு கிடார் மெல்லச் சுரங்களைச் சுண்டிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே ஹேசலின் கிடார் மட்டும். எக்கோபிளெக்ஸ் கருவியால் அவர் சுரம் அவருக்கே திரும்பி வரும். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், முந்தைய வாக்கியத்தின் வால் இன்னும் காற்றில் இருக்கும்.

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அமைப்பு சட்டென்று பிடிபடும். அழுகை ஒரே சீராகப் போகாது. உச்சத்துக்குப் போய்த் தொண்டை கம்மும், கொஞ்சம் மூச்சு வாங்கும், நினைவு ஒன்று வந்து மறுபடி வெடிக்கும். ஹேசல் செய்வதும் அதுதான். கிடார் பத்திரிகைகள் இதில் அளவுகோல் வைத்து ஆராய்வார்கள், எந்த ஸ்கேல், எந்தப் பெடல் என்று. சரி, ஆராயட்டும். ஹேசல் 1992இல் தன் 42ஆவது வயதில் இறந்தார். வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த ஆளாக அவர் ஆகவே இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தாக்கம் எங்கே? ராக் அலமாரியில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். 1970களில் அமெரிக்க எஃப்.எம். ராக் வானொலி இன்னும் இறுகி, கறுப்பு முகங்களை ஏறக்குறைய முழுவதும் வெளியே தள்ளியது. 1981இல் எம்.டி.வி. வந்தபோதும் ஆரம்பத்தில் அதே கதை. 1985இல் நியூயார்க்கில் கிடார் கலைஞர் வெர்னன் ரீட், விமர்சகர் கிரெக் டேட், கோண்டா மேசன் மூவரும் 'பிளாக் ராக் கோஅலிஷன்' என்று ஓர் அமைப்பே தொடங்க வேண்டியிருந்தது. ராக் எங்களுடையதும்தான் என்று சொல்வதற்கு ஒரு சங்கம்! வெர்னன் ரீடின் லிவிங் கலர் குழு 1988இல் வெளியிட்ட முதல் ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் பெரிய தாக்கம் வேறு வாசல் வழியாகப் போனது. ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள், பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்க உதவும் சாம்பிளர் கருவியோடு வந்தபோது, அப்பாக்களின் இசைத்தட்டுக் குவியலில் இருந்தது இந்தப் பாட்டுகள்தான். ஃபங்கடெலிக்கின் ஒரு துண்டில்தான் டி லா சோல் என்ற ஹிப் ஹாப் குழுவினர் 1989இல் தங்கள் பெரிய வெற்றிப் பாட்டைக் கட்டினார்கள். ரோட்டரி கனெக்‌ஷனில் சார்லஸ் ஸ்டெப்னி எழுதிய வாத்தியப் பகுதிகளையும் ராப் உலகம் விட்டுவைக்கவில்லை.

இதில் நீதிமன்றம் வரை போன ஒரு சங்கதி உண்டு. ஃபங்கடெலிக் பாட்டு ஒன்றில் இரண்டே இரண்டு விநாடி கிடார். அதை என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு எடுத்து, சுருதியை இறக்கி, சுழலவிட்டு, தங்கள் 1990ஆம் வருடப் பாட்டில் சேர்த்தது. அந்தப் பாட்டு ஒரு சினிமாவில் வந்தது, வழக்கு வந்தது. 2005இல் அமெரிக்க ஆறாவது வட்டார அப்பீல் நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் சாம்பிள் செய்யாதே. எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் அதே விதி. 2016இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதை ஏற்க மறுத்தது. ஆனாலும் இன்றுவரை ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள் ஒரு துண்டைத் தொடுவதற்கு முன் வக்கீலைக் கேட்பதற்குப் பெரிய காரணம் அந்த இரண்டு விநாடிதான். வழக்குப் போட்டது இசைஞர்கள் இல்லை, உரிமையை வைத்திருந்த நிறுவனங்கள். கிளின்டனே தன் பாட்டுகளின் உரிமைக்காகப் பல வருடம் கோர்ட் ஏறியவர். ஒரு டாலர் ஒப்பந்தம், வராத ராயல்டி கணக்கு, இது மூன்றாவது.

இன்னொரு வாசல் ஆப்பிரிக்காவில் திறந்தது. ஜாம்பியாவில் 1970களில், வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவு போட்டார். தாமிரச் சுரங்க ஊர்களில் ஹென்ட்ரிக்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்கு அது வரமாகப் போனது. ஃபஸ் கிடாரோடு ஆங்கிலத்திலும் பெம்பா போன்ற தாய்மொழிகளிலும் பாடினார்கள். ஜாம்ராக் என்று பெயர். விட்ச் என்ற குழு அதில் முதன்மையானது, அதன் பாடகர் ஜகாரி சாண்டா. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாக்கர் பெயரை ஆப்பிரிக்க வாய்க்கு ஏற்றபடி திருப்பிப் போட்டால் ஜகாரி! தாமிர விலை சரிந்து பொருளாதாரம் படுத்தது, அப்புறம் எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறை இசைஞர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது. ஜகாரி பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தார், ரத்தினக் கல் சுரங்கத்தில் மண் வெட்டினார். பழைய இசைத்தட்டுகள் மறுபதிப்பாகி உலகம் தேட ஆரம்பித்தபின், எழுபதை ஒட்டிய வயதில் மறுபடி குழு சேர்த்து ஐரோப்பா சுற்றினார். 2023இல் புது ஆல்பமும் வந்தது.

சமீபத்தில் என்றால் அமெரிக்கப் பாடகர் சைல்டிஷ் காம்பினோவின் 2016 ஆல்பத்தைச் சொல்லலாம். அதன் அட்டையைப் பாருங்கள், பிறகு 'மேகட் பிரெயின்' அட்டையில் மண்ணிலிருந்து தலை மட்டும் நீட்டி அலறும் பெண்ணைப் பாருங்கள். உறவு தெரியும். அந்த ஆல்பத்தின் 'ரெட்போன்' பாட்டைக் கேட்ட கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த முடிதிருத்தும் கடையிலிருந்து வந்தது என்று தெரியும் என்பது வேறு விஷயம். அதையும் கடையில் ஆர் அண்ட் பி என்றுதான் அடுக்கினார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். சேம்பர்ஸ் பிரதர்ஸ் பாட்டைத் தேடும்போது நீளத்தைப் பார்த்து எடுங்கள். மூன்று நிமிடம், நாலே முக்கால் நிமிடம் என்று வெட்டிய பதிப்புகள்தான் முதலில் வரும். அவற்றில் அந்தக் கடிகாரம் தளர்கிற இடமே சரியாக இருக்காது. நானே முதல் இரண்டு வருடம் வெட்டிய பதிப்பைக் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 11 நிமிடம் 6 விநாடி என்று போட்டிருப்பதுதான் சரியானது. 'ஃபாரெவர் சேஞ்சஸ்' முதல் தடவை மென்மையாகக் கடந்துபோய்விடும், மூன்றாவது தடவைதான் முள் குத்தும், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். 'மேகட் பிரெயின்' மட்டும் பஸ்ஸில் போகும்போது கேட்காதீர்கள். தொடக்கத்தில் கிளின்டன் பேசுவதும், அதன்பின் அந்தத் தூரத்துக் கிடார் மெல்ல நுழைவதும் என்ஜின் சத்தத்தில் காணாமல் போய்விடும்.